என்95 மாஸ்க்கை யூவி-சி ஒளியில் கிருமிநீக்கம் செய்வது: தட்டுப்பாட்டுக் காலத்துக்கான முழுமையான வழிகாட்டி

என்95 மாஸ்க் ஒருமுறை போட்டுவிட்டு எறிவதற்காகச் செய்யப்பட்டது. அதைக் கிருமிநீக்கம் செய்து திரும்பப் போடுவது, புது மாஸ்க் கிடைக்கவே கிடைக்காது என்ற நிலை வந்த பிறகு எடுக்கும் முடிவு. 2020 மார்ச்சில், கொரோனா பரவியபோது, உலகம் முழுக்க அந்த நிலை வந்தது. அப்போது அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழக மருத்துவ மையம், ஓர் அறையில் கம்பி கட்டி மாஸ்க்குகளைத் தொங்கவிட்டு, யூவி-சி (கிருமிகளை முடக்கும் ஒரு வகைப் புற ஊதா ஒளி) விளக்குகளை எரியவிட்டுக் கிருமிநீக்கம் செய்யத் தொடங்கியது. அதே காலத்தில் உருவான என்95டெகான் என்ற தன்னார்வ அறிவியலாளர் குழு, எந்த முறைக்கு எவ்வளவு ஆதாரம் இருக்கிறது என்று அலசித் தொகுத்துக் கொடுத்தது. தட்டுப்பாடு தீர்ந்ததும், மாஸ்க் கிருமிநீக்கக் கருவிகளுக்குத் தந்திருந்த அவசர அனுமதிகளை அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ 2021 ஜூன் 30 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

இந்த வழிகாட்டி மருத்துவமனை, கிளினிக், ஆய்வகம் ஆகியவற்றில் தொற்றுக் கட்டுப்பாட்டைக் கவனிப்பவர்களுக்காக. வீட்டில் செய்து பார்ப்பதற்கானது இல்லை. ஏன் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

படி 1: இது தேவையா என்று முதலில் பாருங்கள்

யூவி-சிக்கு முன்னால் இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு 5 மாஸ்க் கொடுத்து, நாளுக்கு ஒன்றாகச் சுழற்சியில் போடச் சொல்வது. கழற்றியதைக் காற்றுப் போகும் காகிதப் பையில் குறைந்தது 5 நாள் வைத்துவிட்டு மறுபடி எடுப்பது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தட்டுப்பாட்டுக் காலத்துக்குச் சொன்ன வழிகளில் இதுவும் உண்டு. கொரோனா வைரஸ் பிளாஸ்டிக் பரப்பில் 72 மணி நேரம் வரை உயிர்ப்புடன் இருந்ததாக 2020இல் ஆய்வில் கண்டார்கள். 5 நாள் என்பது அதற்கு மேல் கொஞ்சம் இடம்விட்ட கணக்கு. விளக்கும் வேண்டாம், ஒளியை அளக்கும் மீட்டரும் வேண்டாம். ஆளுக்கு 5 மாஸ்க் கொடுக்க முடிகிற இடத்தில் யூவி-சி பக்கம் போகவே வேண்டாம் என்பேன்.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஸ்பிரிட் தெளிப்பது, சோப்புத் தண்ணீரில் அலசுவது இரண்டும் மாஸ்க்கைக் கெடுத்துவிடும். என்95இன் நடு அடுக்கு மிக மெல்லிய பாலிபுரொப்பிலீன் இழைகளால் ஆனது. அந்த இழைகளில் நிலைமின்னூட்டம் ஏற்றப்பட்டிருக்கும். 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 95 சதவீதத்தை அது பிடிப்பது இழைகளின் நெருக்கத்தால் மட்டுமல்ல, அந்த மின்னூட்டத்தின் இழுப்பாலும்தான். நெருக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் மூச்சுவிடவே முடியாத அளவுக்கு அடர்த்தியாக நெய்ய வேண்டியிருக்கும். ஆல்கஹால் பட்டால் மின்னூட்டம் போய்விடும். வெளியே பார்த்தால் மாஸ்க் புதிது போலவே இருக்கும், வடிகட்டும் திறன் மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத பழுது என்பதால்தான் இது ஆபத்து.

யூவி-சியின் பெரிய சாதகம், அது மின்னூட்டத்தைத் தொடாது. ஈரம் இல்லை, ரசாயன மிச்சம் இல்லை, காய வைக்கும் நேரம் இல்லை.

படி 2: சரியான விளக்கைத் தேர்ந்தெடுங்கள்

யூவி-சி என்பது 200 முதல் 280 நானோமீட்டர் வரையுள்ள ஒளி. வைரஸின் மரபுப்பொருள் 260 நானோமீட்டர் பக்கத்து ஒளியை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சினால் அதன் அமைப்பு சிதைந்து, வைரஸால் பெருக முடியாமல் போகும். குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு 254 நானோமீட்டரில் ஒளி தருகிறது. அதனால்தான் கிருமிநீக்க விளக்கு என்றால் பெரும்பாலும் இதுவாக இருக்கிறது.

நீலமாகவோ ஊதாவாகவோ ஒளிர்வதெல்லாம் யூவி-சி ஆகிவிடாது. நகச்சாயம் உலர்த்தும் பெட்டி, கள்ளநோட்டு பார்க்கும் விளக்கு இவையெல்லாம் யூவி-ஏ. 365 நானோமீட்டர் பக்கமோ அதற்கு மேலோ. மாஸ்க்கை அதில் ஒரு நாள் முழுக்க வைத்தாலும் இந்தக் கணக்குக்கு உதவாது. வெயிலும் அப்படியே. சூரியனின் யூவி-சியை வளிமண்டலம் தரைக்கு விடுவதில்லை. கைப்பிடி யூவி குச்சிகள், போனைப் போட்டு மூடும் சிறு பெட்டிகள் ஆகியவற்றில் உண்மையான யூவி-சி இருந்தாலும், அவை மாஸ்க்குக்குத் தேவையான டோஸுக்காக, அதாவது அதில் மொத்தம் விழ வேண்டிய ஒளி அளவுக்காக, செய்யப்பட்டவை இல்லை.

வாங்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: ஓசோன் உண்டாக்காத விளக்கா? சில விளக்குகள் 185 நானோமீட்டர் ஒளியையும் வெளிவிடும். அது காற்றிலுள்ள ஆக்சிஜனை ஓசோனாக மாற்றும். ஓசோன் நுரையீரலுக்கும் ஆகாது, ரப்பர் பட்டைக்கும் ஆகாது.

படி 3: டோஸ் கணக்கு

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மொத்த வேலையும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

மாஸ்க்கின் எல்லாப் பரப்பிலும் சதுர செ.மீ.க்கு குறைந்தது 1 ஜூல் விழ வேண்டும். என்95டெகான் பரிந்துரைத்த அளவு அதுதான். வழவழப்பான கடினப் பரப்பில் இருக்கும் வைரஸை முடக்க இதில் ஒரு சிறு பங்கே போதும். மாஸ்க் அப்படி இல்லை, அடுக்கடுக்கான நுண்ணிழை. ஒவ்வோர் அடுக்கும் ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிட்டுத்தான் அடுத்த அடுக்குக்கு விடும். உள்ளே சிக்கியிருக்கும் வைரஸுக்கும் போதுமான ஒளி சேர, வெளிப்பரப்பில் அத்தனை கொடுக்க வேண்டியிருக்கிறது.

டோஸ் என்பது ஒளிச்செறிவு பெருக்கல் நேரம். மீட்டர் காட்டுவது சதுர செ.மீ.க்கு எத்தனை மில்லிவாட் என்று. 1 ஜூல் என்றால் 1000 மில்லிஜூல். ஆக, 1000ஐ மீட்டர் காட்டும் எண்ணால் வகுத்தால் வினாடிக் கணக்கில் நேரம் கிடைத்துவிடும். மீட்டரில் 2.5 மில்லிவாட் என்றால் 400 வினாடி, அதாவது 6 நிமிடம் 40 வினாடி. 0.4 மில்லிவாட் என்றால் 2500 வினாடி; 42 நிமிடம் ஆகிவிடும்.

ஆய்வகத்தில் பயோசேஃப்டி கேபினெட் (கிருமிகளைப் பாதுகாப்பாகக் கையாளும் பெட்டி) இருக்கிறதே, அதில் யூவி விளக்கும் இருக்கிறதே, பதினைந்து நிமிடம் போட்டு எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். அந்த விளக்குக்கு வேலைப் பரப்பின் நடுவில் எதிர்பார்க்கும் குறைந்தபட்சச் செறிவு சதுர செ.மீ.க்கு 40 மைக்ரோவாட், அதாவது 0.04 மில்லிவாட். 1000ஐ அதால் வகுங்கள்: 25,000 வினாடி. ஏழு மணி நேரம்! அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். விளக்கு புதிதாக இருந்தால் இதைவிட அதிகச் செறிவு கிடைக்கலாம், ஆனால் அளக்காமல் தெரியாது. பதினைந்து நிமிடக் கணக்கு எந்த விதத்திலும் கட்டிவராது.

அடுத்து, எந்த எண்ணால் வகுப்பது? மாஸ்க்குகளைத் தொங்கவிடும் கூண்டின் நடுவில் 2.5 காட்டும் மீட்டர், மூலையில் 0.6 காட்டும். சராசரி எடுக்கக் கூடாது. நடுவில் இருக்கும் எண்ணை எடுக்கவே கூடாது. ஒளி எங்கே மிகக் குறைவோ, அந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். மூலையில் தொங்கும் மாஸ்க்கைப் போடப் போகிறவரும் ஒரு ஆள்தானே. மேலே சொன்ன 0.6ஐ வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 28 நிமிடம். நடுவிலிருக்கும் மாஸ்க்குக்கு நான்கு மடங்கு டோஸ் விழும். விழட்டும், அதனால் கெடாது.

படி 4: கூண்டை அமைப்பது

யூவி-சி நேர்கோட்டில் போகும். எதிரே எது இருந்தாலும் நிழல் விழும். மடித்துக் காயப்போட்ட துணியில் மடிப்பு மட்டும் ஈரமாகவே நிற்பது போல, மாஸ்க்கிலும் நிழல் பட்ட இடம் மட்டும் தொற்றோடு நின்றுவிடும். அதனால் கூண்டுக்குள் செய்யும் ஏற்பாடெல்லாம் நிழலைக் குறைக்கத்தான்.

மாஸ்க்கின் இரண்டு பக்கமும் விளக்கு இருப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் இருந்தால், ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போட்டு முழு நேரமும் இன்னொரு முறை ஓட்ட வேண்டும். தட்டில் பரப்பி வைப்பதைவிட மெல்லிய கம்பியில் தொங்கவிடுவது மேல். ஒன்றோடு ஒன்று தொடக் கூடாது, ஒன்றன் நிழல் இன்னொன்றில் விழக் கூடாது. மடித்து வரும் வகை மாஸ்க் என்றால் முழுக்க விரித்துத் தொங்கவிடுங்கள்.

சுவர்களுக்கு என்ன போடுவது? அலுமினியம் யூவி-சியை நன்றாகத் திருப்பியடிக்கும். எவர்சில்வர் கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரிந்தாலும் யூவி-சியில் பாதிக்கும் மேல் விழுங்கிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி சுத்தமாக உதவாது. முன்னால் இருக்கும் சாதாரணக் கண்ணாடியே யூவி-சியை நிறுத்திவிடும். இதே காரணத்தால் மாஸ்க்கைப் பிளாஸ்டிக் பைக்குள்ளோ கண்ணாடித் தட்டின் மேலோ வைத்துச் செய்வது வீண்.

கதவுக்குக் கட்டாயம் ஒரு தானியங்கி சுவிட்ச் வேண்டும்: கதவு திறந்த கணமே விளக்கு அணைய வேண்டும். "திறக்காதீர்கள்" என்று பலகை மாட்டுவது அதற்கு ஈடாகாது.

படி 5: அளப்பது

254 நானோமீட்டருக்காக அளவீடு சரிபார்க்கப்பட்ட யூவி மீட்டர் வேண்டும். விளக்கின் பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை வைத்துக் கணக்குப் போட முடியாது. அது மின்சாரச் செலவு, மாஸ்க்கில் விழும் ஒளி அல்ல. மீட்டர் வாங்க வழியில்லாத இடம் இந்த முறையை எடுக்கவே வேண்டாம், காகிதப் பை வழிக்கே போகலாம்.

விளக்கைப் போட்டு, முழு ஒளிக்கு வரும் வரை சில நிமிடம் காத்திருங்கள். குளிர்ந்த அறையிலும், மின்விசிறிக் காற்று நேரே அடிக்கும் இடத்திலும் விளக்கின் ஒளி குறையும். எந்த நிலையில் அளக்கிறீர்களோ அதே நிலையில்தான் ஓட்டவும் வேண்டும். பிறகு மாஸ்க் தொங்கும் ஒவ்வோர் இடத்திலும் உணரியை வைத்துப் பாருங்கள். அதை விளக்கை நோக்கி மட்டும் காட்டாமல், மாஸ்க்கின் பக்கவாட்டுப் பரப்பு எந்தச் சாய்வில் இருக்கிறதோ அந்தச் சாய்விலும் வைத்துப் பார்க்க வேண்டும். நேரே விழும் ஒளி 60 பாகை சாய்ந்த பரப்பில் பாதியாகத்தான் கணக்காகும். கிண்ண வடிவ மாஸ்க்கின் மூக்கு முனையில் 1.2 காட்டிய மீட்டர், கன்னப் பக்கச் சரிவில் 0.6ஐத் தாண்டாது என்றால் கருவியில் கோளாறு இல்லை, வளைவின் வேலை அது. நேரத்தைக் கணக்கிடுவது அந்த 0.6ஐ வைத்து.

நிறம் மாறும் காட்டி அட்டைகள் கிடைக்கின்றன. ஒளி பட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவை போதும். ஆனால் பல அட்டைகள் 1 ஜூலுக்கு வெகு முன்பே முழு நிறத்துக்கு வந்து நின்றுவிடும். அதைப் பார்த்து டோஸ் முடிந்தது என்று விளக்கை அணைத்தால் ஏமாற்றம்தான்.

விளக்கு வயதாக ஆக ஒளி குறையும். கண்ணுக்கு அதே நீலம் தெரியும். தூசியும் விரல் ரேகையும்கூட ஒளியை மறைக்கும். ஆகவே குறித்த இடைவெளியில் மறுபடி அளந்து, நேரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

படி 6: உங்களைக் காத்துக்கொள்வது

யூவி-சி சூடாக இருக்காது, எரியாது, படும்போது எதுவும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தும், தண்ணீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. கருவிழிப் பரப்பு வெந்திருக்கும். தோல் சிவந்து எரியும். 254 நானோமீட்டருக்கு 8 மணி நேரத்தில் பாதுகாப்பற்ற கண்ணிலோ தோலிலோ படலாம் என்று சர்வதேச வழிகாட்டல் வைத்திருக்கும் வரம்பு சதுர செ.மீ.க்கு 6 மில்லிஜூல். மாஸ்க்குக்கு நாம் கொடுப்பது 1000. 2.5 மில்லிவாட் உள்ள கூண்டின் முன்னால் மூன்று வினாடிக்குள் ஒருநாள் வரம்பு முடிந்துவிடும்.

அதனால் மூடிய கூண்டு அல்லது ஆள் இல்லாத, பூட்டிய அறை. அளக்கும்போது முகம் முழுவதும் மறைக்கும் யூவி தடுப்புக் கவசம், நீளக் கை அங்கி, கையுறை. மணிக்கட்டில் கையுறைக்கும் அங்கிக்கும் நடுவே தெரியும் இரண்டு விரல் அகலத் தோலைத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

படி 7: சேகரிப்பதும் சலிப்பதும்

மாஸ்க்கைப் பட்டையைப் பிடித்துக் கழற்றி, முன்பக்கத்தைத் தொடாமல், பெயரெழுதிய காகிதப் பையில் போட வேண்டும். கிருமிநீக்கம் முடிந்து அது அதே ஆளுக்குத்தான் போக வேண்டும். யூவி-சி எல்லா நுண்ணுயிரையும் ஒழிப்பதில்லை. பாக்டீரியா வித்துகள் வைரஸைவிட மிகக் கடினமானவை. ஒருவர் வாயிலிருந்து மாஸ்க்கில் தங்கியது இன்னொருவருக்குப் போகக் கூடாது. பெயரையோ எண்ணையோ பட்டையில் எழுதுங்கள். முகப்பில் எழுதினால் மை படிந்த இடத்துக்கு ஒளி போகாது.

கையுறையோடு ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ரத்தம், சளி, ஈரம், உதட்டுச்சாயம், முகப்பவுடர் எது ஒட்டியிருந்தாலும் குப்பைக்கு. துடைத்துச் சரிசெய்யலாம் என்ற பேச்சே வேண்டாம். படிவு ஒளியைத் தடுக்கும், துடைப்பது வடிகட்டியைக் கெடுக்கும். பட்டை தளர்ந்தது, மூக்குக் கம்பி பெயர்ந்தது, உள்பஞ்சு பிய்ந்தது ஆகியவையும் அப்படியே.

படி 8: ஓட்டுவது

சலித்த மாஸ்க்குகளைத் தொங்கவிடுங்கள். பட்டைகள் முகப்பின் மேல் விழாதபடி விலக்கி விடுங்கள். கதவை மூடி, விளக்கு முழு ஒளிக்கு வந்த பிறகிலிருந்து நேரத்தை எண்ணுங்கள். முடிந்ததும், பயன்படுத்தியதைத் தொட்ட கையுறையைக் கழற்றி, கைகழுவி, புதுக் கையுறையோடு எடுங்கள். அழுக்கு வரும் வாசலும் சுத்தமானது போகும் வாசலும் வேறுவேறாக இருந்தால் நிம்மதி. ஒரே மேசையில் இரண்டையும் வைத்தால் எது எதுவென்று ஒருநாள் குழம்பிவிடும்.

பட்டைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் 15 வகை என்95களில் இன்ஃப்ளுயன்சா வைரஸை ஏற்றி, மேலே செயற்கை உமிழ்நீரோ தோல் எண்ணெயோ பூசி, 1 ஜூல் யூவி-சி கொடுத்தார்கள். முகப்பில் வைரஸ் ஆயிரத்தில் ஒன்றாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது 12 வகைகளில். பட்டைகளில் அந்த அளவு குறைந்தது 7 வகைகளில் மட்டுமே. பட்டை முறுக்கிக்கொள்ளும், ஒரு பக்கம் எப்போதும் நிழலில் இருக்கும். எனவே யூவி-சி முடிந்த பிறகு பட்டைகளை மட்டும், அவற்றுக்கு ஒத்துவரும் கிருமிநாசினித் துணியால் துடையுங்கள். வடிகட்டிப் பகுதியில் ஒரு துளி படாமல்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது: முகப்பிலும் 3 வகைகள் தேறவில்லை. மாஸ்க்கின் வகைக்கு வகை பலன் மாறும். உங்களிடம் இருக்கும் மாடலுக்குச் சோதனை முடிவு இருக்கிறதா, தயாரிப்பாளர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று தேடிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 9: திரும்பப் போடுவது

கிருமிநீக்கம் செய்த மாஸ்க்கை முழுச் சுத்தம் என்று நினைத்துக் கையாள வேண்டாம். கையுறையோடு போட்டு, பட்டையையும் மூக்குக் கம்பியையும் சரிசெய்து, இரண்டு கையாலும் முகப்பை மூடி மூச்சை இழுத்து விடுங்கள். இழுக்கும்போது மாஸ்க் லேசாக உள்வாங்க வேண்டும். விடும்போது ஓரங்களில் காற்றுக் கசியக் கூடாது. கசிந்தால் ஒருமுறை சரிசெய்து பாருங்கள், அப்போதும் கசிந்தால் எறிந்துவிடுங்கள். பிறகு கையுறையைக் கழற்றி, கைகழுவி, புதுசு போட்டுக்கொண்டு நோயாளியிடம் போகலாம்.

எத்தனை முறை?

ஒளியின் பக்கமிருந்து பார்த்தால் நிறைய முறை தாங்கும். 2015இல் வெளியான ஓர் ஆய்வில் சதுர செ.மீ.க்கு 120 முதல் 950 ஜூல் வரை கொடுத்துப் பார்த்தார்கள். வடிகட்டியைத் தாண்டும் துகள்கள் கூடியது அதிகபட்சம் 1.25 சதவீதம்தான். உயர்ந்த டோஸில் சில மாடல்களின் துணியடுக்குகள் வலுவிழந்து கிழியத் தொடங்கின. 2360 ஜூல் வாங்கிய பட்டைகளின் வலு 20 முதல் 51 சதவீதம் வரை குறைந்தது. நாம் ஒரு சுற்றுக்குக் கொடுப்பது சில ஜூல்தான்.

அதை நம்பி நூறு சுற்று போகலாம் என்று கணக்குப் போட்டால் அங்கே தவறு. மாஸ்க்கைத் தீர்ப்பது விளக்கு இல்லை, போட்டுக் கழற்றும் கை. ஒவ்வொரு முறையும் பட்டை இழுபடுகிறது, மூக்குக் கம்பி வளைகிறது, முகத்தோடு ஒட்டும் விளிம்பு தளர்கிறது. தயாரிப்பாளர் வேறு எண் சொல்லாத மாஸ்க்கை 5 முறைக்கு மேல் போட வேண்டாம் என்றது சிடிசி. ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டையில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தால், எண்ணிக்கையை யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை.

தேதி, சுற்று எண், விளக்கு எரிந்த நேரம், அன்றைய மிகக் குறைந்த மீட்டர் அளவு, ஓட்டியவர் பெயர் என்று ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாருக்காவது தொற்று வந்தால் திரும்பிப் பார்க்க வேறு வழி இருக்காது.

விளக்கு உடைந்தால் உள்ளிருக்கும் பாதரசம் சிதறும். அறையை விட்டு வெளியேறி, காற்றோட்டம் விட்டு, பிறகு கையுறையோடு கெட்டி அட்டையால் வழித்து மூடியுள்ள கலத்தில் சேகரிக்க வேண்டும். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் அதைப் பரப்பிவிடும். ஆயுள் முடிந்த விளக்குகளும் சாதாரணக் குப்பையில் போகக் கூடாது, பாதரசக் கழிவாகவே போக வேண்டும். புது மாஸ்க் போதுமான அளவு வரத் தொடங்கிய அன்றே கூண்டின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். அதற்குள் தொங்கிக்கொண்டிருப்பவற்றை யாருக்கும் திருப்பிக் கொடுக்காமல் கழிவில் சேர்த்துவிடுங்கள்.